நுவரெலியாவிற்கு ஒரு புகையிரத நிலையம் இருந்தது



கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் நுவரெலியாவிற்கென்று ஏறுகின்றவர் எவரும் நுவரெலியாவில் இறங்குவதில்லை. அவர் இறங்குமிடம் நானுஓயா. அங்கிருந்து பஸ்ஸோ வானோ பிடித்து இன்னும் ஐந்து மைல் மலையேறினால்தான் நகரம் கண்ணிற் படும். இத்துணைப் பெயர்பெற்ற நகருக்கு ஒரு புகையிரத நிலையம் இல்லையா என்று முதன்முதலாக வருகின்றவர் வியப்பதுண்டு. இல்லை என்பது இன்றைய விடை. ஆனால் ஒருகாலத்தில் இருந்தது. நானுஓயாவிலிருந்து புறப்பட்டு நுவரெலியாவைத் தொட்டு, கந்தப்பளையைக் கடந்து, இராகலை வரையில் பத்தொன்பது மைல் நீளத்திற்கு ஒரு சிறிய இருப்புப்பாதை ஓடிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது வாழ்ந்தது. அதன் கதையையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

கதையைச் சற்றுப் பின்னிருந்து தொடங்குதல் வேண்டும். இலங்கையில் இருப்புப்பாதை இட்டவர்கள் மக்களின் போக்குவரவை முதலிற் கருதி அதனை இட்டார்களில்லை. கண்டிச் சீமையில் விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டுசேர்ப்பதே அவர்கள் நோக்கம். அதற்கு முன்னர்க் கோப்பி மூடைகள் மாட்டுக் கரத்தைகளிற் சென்றன. மழைக்காலத்தில் வண்டிகள் சேற்றிற் புதைந்து கிடக்க, கப்பல்கள் துறைமுகத்திற் காத்துக் கிடந்தன. எனவே தோட்டத் துரைமார் விடாது வற்புறுத்தினர். 1858ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதன் மண்ணை வெட்டினார். 1867இற் பாதை கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா.

இவ்வாண்டுகளை நேயர்கள் சற்று மனத்திற் கொள்க. ஏனெனில், பாதை மலைமேல் ஏற ஏற, அது எந்தப் பயிருக்காக ஏறியதோ அந்தப் பயிர் மாண்டுகொண்டிருந்தது. 1869இல் இலைகளின் அடியிற் செம்மஞ்சட் பொடிபோலத் தோன்றிய பூஞ்சண நோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தொழித்தது. நானுஓயாவிற்கு முதல் வண்டி வந்தபோது அதில் ஏற்றக் கோப்பி இல்லை என்றே கூறிவிடலாம். ஆனால் ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரையிற் பயிரிடத் தொடங்கிய தேயிலை அவ்விடத்தை நிரப்பிற்று. 1873இல் வெறும் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டதாகக் கணக்குண்டு. 1900ஆம் ஆண்டளவிலோ ஏற்றுமதி ஏறத்தாழப் பதினைந்து கோடி இறாத்தல். பாதை செய்த புண்ணியமா, தேயிலை செய்த புண்ணியமா என்று வாதிடுவாரும் உளர். கோப்பியின் கடனில் இட்ட தண்டவாளத்திலே தேயிலை ஏறிச் சென்றது என்பது மட்டும் உண்மை.

நானுஓயாவிற்கு வந்த பெரும்பாதை ஏன் நுவரெலியாவிற்கு ஏறவில்லை? பேதுருதாலகாலை மலையின் அடியில், ஆறாயிரம் அடிக்கு மேலான உயரத்தில், ஒரு கிண்ணத்தின் உட்புறம்போல அமைந்துள்ளது நுவரெலியா. நானுஓயாவோ ஐயாயிரத்து முந்நூறடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பது. ஊவா மாகாணத்திற்குச் செல்லவேண்டிய பாதை இந்தக் கிண்ணத்திற்குள் ஏறி, மறுபுறமாக மீண்டும் வெளியேறுவதென்றால் அஃது எளிதன்று. எனவே அது நகரைத் தன் இடப்புறத்தே விட்டுவிட்டு, அம்பேவளை, பட்டிப்பொல வழியாக மலைமுகட்டைக் கடந்து, 1893இல் அப்புத்தளையையும் 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று.

தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் உடல்நலம் பேணும் இடமாக ஆக்கிய ஊர், கோடையில் ஆட்சியாளர் வந்து தங்கும் மாளிகையுள்ள ஊர், தேசாதிபதி கிரகரி 1873இல் வாவி அமைத்த ஊர், இவ்வாறு பாதையின் ஓரத்திலே நின்றுவிட்டது. துரைமார்க்கு அது மானக்குறைவு. எனினும் அரசாங்கத்தை அசைத்தது மானமன்று, மறுபடியும் தேயிலைதான். நுவரெலியாவிற்கு அப்பால், கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை மலைகளிலே தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவற்றின் தேயிலை நானுஓயாவிற்கு வர நெடுந்தூரம் கரத்தையை நம்பியிருக்க நேர்ந்தது. அத்தோட்டத்தார் கேட்ட பாதையே 1903ஆம் ஆண்டு டிசம்பரில் நுவரெலியாவிற்கும், 1904இற் கந்தப்பளைக்கும் இராகலைக்கும் திறக்கப்பட்டது.

இப்பாதைக்கு உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர். பெயரிலுள்ள ஊரை அது ஒருநாளும் அடையவில்லை. இராகலையிலேயே நின்றுவிட்டது. பெயர் சென்ற தூரத்திற்குத் தண்டவாளம் செல்லவில்லை போலும்!

பெரும்பாதையின் தண்டவாளங்கள் இரண்டிற்கும் இடைவெளி ஐந்தரை அடி. இச்சிறுபாதையில் அது இரண்டரை அடியே. சிறிய எஞ்சின், சிறிய பெட்டி, சிறிய பாலம், கூர்மையான வளைவு. மலைச்சரிவை வெட்டும் செலவு இதனாற் பெரிதும் குறையும். உலகின் மலைநாடுகள் பலவற்றில் அக்காலத்தில் இம்முறையையே கையாண்டனர். நானுஓயாவை விட்டு ஏறினால் பிளாக்பூல், பின்னர் நுவரெலியா நகரம், அப்பாற் கந்தப்பளை, புரூக்சைட், இறுதியில் இராகலை. இவற்றுட் கந்தப்பளை 6,300 அடிக்கு மேலான உயரத்தில் இருந்தது. இன்று இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் எது என்று நம் மாணாக்கரிடம் வினவினால், பட்டிப்பொல, 6,226 அடி என்று தயங்காமற் கூறுவர். அவ்விடை சரியே. ஆயினும் அந்தச் சிறப்பு முன்னர்க் கந்தப்பளைக்கு இருந்தது என்பதை எந்தப் பாடநூலிலும் அவர்கள் படித்ததில்லை.

இனி, அவ்வண்டி எதனை ஏற்றிச் சென்றது என்று காண்போம். கீழ்நோக்கிச் சென்றது தேயிலை. மேல்நோக்கி வந்தது அரிசி. உரம், இயந்திரப் பகுதிகள், பெட்டி செய்யும் பலகை, துரைமார் வீட்டுச் சாமான் என வேறு பலவும் வந்தன எனினும், அரிசியே தலையாயது. ஏனெனில், தேயிலை விளையும் மலையில் நெல் விளையாது. தோட்டத்துப் பிரட்டிற் பெயர் கொடுத்து வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆணும் பெண்ணும் உண்ணும் அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து வண்டியேறி, தோட்டத்து அரிசிக் காம்பராவிற்கு வந்து சேரவேண்டும். அங்கே அதனை அளந்து கொடுத்துவிட்டு, அதன் விலையைச் சம்பளத்திற் பிடித்துக்கொள்வர். ஆகவே பத்தொன்பது மைல் நீளமான இப்பாதை ஒருபுறம் கொழுந்தின் பாதையாகவும், மறுபுறம் கொழுந்து கொய்தவளின் வயிற்றுக்குரிய பாதையாகவும் இருந்தது.

இவ்விடத்தில் நானுஓயா மேடையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். இப்பாதையின் கதை முழுவதும் அந்த மேடையிலேதான் அடங்கியிருக்கின்றது என்பது என் கருத்து.

இரண்டரை அடிப் பாதையில் வந்த பெட்டி ஐந்தரை அடிப் பாதையில் ஏறாது. எனவே நானுஓயாவிற் சிறுவண்டியின் சுமை முழுவதையும் இறக்கிப் பெருவண்டியில் ஏற்றவேண்டும். அரிசி மூடையானால் பெருவண்டியிலிருந்து சிறுவண்டிக்கு. மலைக்குளிரிலும் மழையிலும், மனிதர் தோள்மீது. ஒரு தேயிலைப் பெட்டி நூறு இறாத்தல் அளவுக்குக் கனக்கும். இராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெட்டியை எண்ணிப் பாருங்கள். ஸ்டோரிலே கரத்தையில் ஏற்றுவது ஒருமுறை. நிலையத்திற் கரத்தையிலிருந்து சிறுவண்டிக்கு மாற்றுவது இருமுறை. நானுஓயாவிற் பெருவண்டிக்கு மாற்றுவது மும்முறை. கொழும்பில் இறக்குவது நான்காம் முறை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, காத்திருக்கும் நேரம், நனைந்து கெடும் தேயிலை எல்லாம் ஒவ்வொரு மாற்றத்திலும் சேரும். பாதையை வெட்டும்போது சிக்கனம் செய்த பணத்தை இவ்வாறு நாள்தோறும் நானுஓயாவிற் சில்லறையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

கரத்தை மட்டுமே போட்டியாக இருந்த காலத்தில் இது தாங்கக்கூடியதாயிருந்தது. 1920களில் மோட்டார் லொறி மலைநாட்டு வீதிகளில் ஏறத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. லொறி ஸ்டோரின் வாயிலுக்கே வந்தது. ஒருமுறை ஏற்றினால் நானுஓயாவில் இறக்கலாம். வேண்டுமாயின் கொழும்பிலேயே இறக்கலாம். பஸ்களும் அவ்வாறே நகரத்துக்கும் கடைவீதிக்கும் ஆட்களைக் கொண்டு சென்றன. லொறியே இச்சிறுபாதையைக் கொன்றது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. எனக்கோ அந்த மூன்றடி அகல வேறுபாட்டின்மேற்றான் பழியை ஏற்றத் தோன்றுகின்றது. லொறி வந்தபோது அப்பாதை ஏற்கெனவே நோயாளி.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்து, பாதையின் வருவாயும் வீழ்ந்தது. 1940களிற் சிறுவண்டி நின்றது. பயணிகள் வண்டி முன்னும் சரக்கு வண்டி பின்னுமாக ஓய்ந்தன. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. நுவரெலியா நிலையம், நிலையம் என்னும் பெயரை இழந்தது.

இவ்வாறு ஒரு பாதை மறைவது தவிர்க்கமுடியாததன்றோ என்று நேயர்கள் கேட்கலாம். அதனை எளிதில் ஒப்புக்கொள்வதற்கில்லை. நுவரெலியாவைப் போலவே ஆங்கிலேயர் குளிர்ச்சியை நாடி உருவாக்கிய மலைநகரங்கள் இரண்டை நோக்குவோம். இமயமலைச் சாரலிலுள்ள தார்ஜீலிங்கிற்கு 1881இல் இரண்டடி அகலப் பாதையொன்று சென்றது. அதுவும் தேயிலை நாடு. தமிழகத்து உதகமண்டலத்திற்கு 1908இல் மீற்றர்ப் பாதை ஏறிற்று. அங்கும் மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறித்தான் ஆகவேண்டும். இவ்விரண்டு ஊர்களுக்கும் லொறி வராமல் இல்லை, பஸ் வராமல் இல்லை. ஆயினும் இரண்டும் நிலைத்தன. தார்ஜீலிங் பாதையை 1999இலும் நீலகிரிப் பாதையை 2005இலும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. இலங்கையிலேயே பாருங்கள். நுவரெலியாப் பாதையின் உடன்பிறப்பென்று சொல்லத்தக்க களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் அதே இரண்டரை அடி அகலத்தில் 1902இல் அவிசாவளைக்குத் திறக்கப்பட்டதுதான். அதிலும் சில கிளைகள் பின்னாளில் வெட்டுண்டன. ஆனால் கொழும்பிலிருந்து அவிசாவளை வரையுள்ள பகுதி 1990களிற் பெரும்பாதையாகவே அகலப்படுத்தப்பட்டது.

ஏன் இவ்வேறுபாடு? களனிப் பாதையின் ஓரத்தில் ஒவ்வொரு காலையும் கொழும்பிற்கு வேலைக்குச் செல்லும் எழுத்தரும் தொழிலாளரும் இருந்தனர். வண்டி நின்றால் கேட்பதற்கு அவர்களுக்கு வாயும் இருந்தது, வாக்கும் இருந்தது. நுவரெலியா முதல் இராகலை வரை பாதையின் இருமருங்கிலும் வாழ்ந்தோர் யார்? பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். அப்பாதை அவர்களுக்காக இடப்பட்டதன்று. 1921 வரையிலே துண்டுமுறை அவர்களைத் தோட்டத்தோடு கட்டிவைத்திருந்தது. கடனைத் தீர்த்துக் கங்காணியிடமிருந்து துண்டு பெறாதவன் அடுத்த தோட்டத்திற்கும் போக இயலாது. அத்தகையோன் வண்டிப் பயணி ஆவது எங்ஙனம்? லயத்து வாயிலில் நின்று வண்டியைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் எனின், உள்ளே அமர்ந்து சென்றவர்கள் சிலரே ஆதல் வேண்டும்.

இங்கே நாட்டு வரலாறு ஒன்று குறுக்கிடுகின்றது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளர் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். நுவரெலியாத் தொகுதிக்குச் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலைத் தொகுதிக்குக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை என அவர்களின் பெயர்களை மலைநாட்டார் அறிவர். பாதையின் இருமருங்கு மக்களுக்கும் முதன்முறையாக ஒரு குரல் கிடைத்தது. அக்குரல் நெடுநாள் நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் இயற்றப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. பாதை மறைந்த பத்தாண்டிலேயே, அதன் ஓரத்தில் வாழ்ந்த மக்களும் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்தனர். இரண்டிற்கும் காரணகாரியத் தொடர்பு உண்டென்று நான் கூறவில்லை. பாதையை மூடியது கணக்குப் புத்தகம். ஆனால், மூடிய பாதையைத் திரும்ப இடுக என்று 1952ஆம் ஆண்டுத் தேர்தல் மேடையில் எவரேனும் முழங்கியிருந்தாலும், அதற்காக அவருக்கு வாக்களிக்க இராகலை லயங்களில் ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதென்று ஒத்திவைத்தனர். 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பகிர்ந்தனர். உடன்படிக்கை எழுதிய அதே ஆண்டு டிசம்பரில் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்திற்குச் சென்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர்கள் மலைநாட்டு நிலையங்களில் வண்டியேறித் தலைமன்னார்த் துறைக்குப் போயினர். வழியனுப்ப வந்தோரும் வண்டியில் இருந்தோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத ஓசையினாலே மலைநாட்டு மக்கள் அவ்வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே அழைக்கலாயினர். மகளுக்கு இலங்கைப் பிரசாவுரிமை, தாய்க்கு இந்தியக் கடவுச்சீட்டு என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ!

இராகலையிலும் கந்தப்பளையிலும் இருந்து புறப்பட்டவர்களுக்குத் தம் ஊரில் நிலையம் இருக்கவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு லொறியிலும் பஸ்ஸிலும் வீதிவழியே மலையிறங்கி வந்துதான் அவர்கள் கோச்சியைப் பிடித்தார்கள். பாட்டன் பாட்டி உண்ட அரிசியைச் சிறுவண்டிக்கு மாற்றிய அதே நானுஓயா மேடையில், பேரப்பிள்ளைகள் பெருவண்டிக்குக் காத்து நின்றனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை சிறிது சிறிதாகவே திரும்ப வந்தது. 1986, 1988, 2003 என மூன்று சட்டங்கள் அதற்கு வேண்டியிருந்தன.

இன்று அப்பாதையிற் காண்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்பீராயின், கண் பழகியவருக்கு இன்னும் சிறிது இருக்கின்றது. தோட்டத்து நடைபாதைகள் மலையை நேரே வெட்டி ஏறுவன. கரத்தை ரோட்டு வளைந்து ஏறினாலும் திடீரெனச் செங்குத்தாகும். தண்டவாளம் கிடந்த தடமோ அவ்வாறன்று. மலையின் இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றியதுபோல, ஒரே சீரான ஏற்றத்தில், ஓடைகளை நாடிச் சென்று சுற்றி வரும். எம் பள்ளி மாணவர் சிலரைப் பழைய நிலப்படம் ஒன்றுடன் கந்தப்பளைப் பக்கம் அழைத்துச் சென்றபோது, கொழுந்துக் கூடையுடன் பெண்கள் நடந்து சென்ற ஒரு தடத்தை அவர்களே அவ்விதம் கண்டுபிடித்தார்கள். அவர்களுள் ஒரு சிறுமி, தான் பிறந்த நாள்முதல் அதன்மேல் நடந்தே பள்ளிக்கு வருவதாகக் கூறினாள். அது ரெயில் ரோட்டென்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றாள்.

கந்தப்பளைக்கு அண்மையில், முன்னர்த் தேயிலை ஸ்டோராக இருந்து 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பெருங்கட்டடம் உண்டு. அதன் முற்றத்திற் சிறிது நீளத்திற்குத் தண்டவாளம் இட்டு, பழைய புகையிரதப் பெட்டி ஒன்றை நிறுத்தி, அதற்குள் விருந்தினர்க்கு உணவு பரிமாற ஒழுங்கு செய்தனர். பெட்டியின் சாளரத்தின் வழியே பார்த்தால், மலைச்சரிவிற் கொழுந்து கொய்வோரைக் காணலாம்.